‘எளிய வரி’ யாருக்கு எளிது? எங்கள் சிறு வியாபாரிகள் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு

2025 ஒக்டோபர் மாதத்தில் ஒரு மாலை நேரம். பரந்தனில் இருந்து அக்கா ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். வீட்டோடு சேர்ந்த கொட்டிலில் அரவை இயந்திரம் ஒன்றை வைத்து மிளகாய்த்தூள், அரிசிமா, சரக்குத்தூள் அரைத்துப் பொதி செய்து கடைகளுக்குக் கொடுப்பவர். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் பற்றி நான் முன்பு எழுதிய காலத்தில் பழக்கமானவர். 2009இல் கணவரை இழந்த பிறகு இரண்டு பிள்ளைகளையும் அந்த இயந்திரத்தை வைத்துத்தான் படிப்பித்தார்.

“பிள்ளை, சின்ன வியாபாரத்துக்கு இருந்த லேசான வரியை எடுத்திட்டாங்களாம். இனி எல்லாரும் பதினெட்டு வீதம் கட்டவேணுமாம். வட்ஸ்அப்பில வந்திருக்கு. நான் மெசினை வித்துப்போட்டு விடட்டோ?”

அவர் அனுப்பிய செய்தியைத் திறந்து பார்த்தேன். ‘எளிதாக்கப்பட்ட பெறுமதி சேர் வரி நீக்கம்’ என்று இருந்தது. செய்தி உண்மைதான். 2011ஆம் ஆண்டு தொடங்கிய அந்தத் திட்டம் 2025 ஒக்டோபர் 1ஆம் திகதியுடன் நிறுத்தப்பட்டது. ஆனால் அந்தத் திட்டத்துக்கும் அக்காவின் அரவை இயந்திரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது பெரும்பாலும் ஏற்றுமதி நிறுவனங்களுக்கும் அவற்றுக்குப் பொருள் வழங்குவோருக்கும் உரியது. உள்நாட்டில் பொருள் வாங்கும்போது வரியைப் பணமாகக் கொடுத்துவிட்டுப் பின்னர் திரும்பப் பெறும் சிரமத்தைத் தவிர்க்கவே அது இருந்தது. பெயரில் ‘எளிது’ என்ற சொல் இருந்ததால் அது சிறிய ஆட்களுக்கான சலுகை என்று யாரோ நினைத்துவிட்டார்கள். அந்த நினைப்பு ஒரு கையில் இருந்து இன்னொரு கைக்குப் போய், பரந்தனில் ஒரு குடும்பத்தின் பிழைப்பை விற்கும் யோசனை வரை வந்துவிட்டது.

அன்று இரவு நாங்கள் இருவரும் தொலைபேசியிலேயே ஒரு கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கை இங்கே எழுதுவதற்குக் காரணம், அதே கேள்வியைப் பிறகும் பலர் என்னிடம் கேட்டதுதான்.

பதிவு என்றால் ஏன் பயம்?

எங்கள் சனத்துக்கு வரி என்ற சொல்லைவிடப் பதிவு என்ற சொல்தான் கூடுதலாகப் பயத்தைக் கொடுக்கிறது. இடம்பெயர்ந்து முகாமுக்குப் போனபோது பதிவு. மீள்குடியேறி வந்த பிறகு வீட்டில் எத்தனை பேர் என்று பதிவு. விபரம் கொடுத்த ஒவ்வொரு தடவையும் அது எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்று தெரியாமலேயே கொடுத்த சனம் இது. ஆகவே ‘ரின் இலக்கம் எடுங்கள்’ என்று ஒரு வங்கி ஊழியர் சொன்னால், அதை வெறும் வரி விடயமாக எடுத்துக்கொள்ள முடியாமல் இருப்பது இயல்பு.

வரி பற்றிய ஞாபகமும் இலேசானது அல்ல. வன்னியில் வியாபாரம் செய்தவர்கள் ஒரே பொருளுக்கு இரண்டு நிர்வாகங்களுக்கும் வரி கட்டியவர்கள். கொழும்பில் வரியோடு வாங்கிய பொருளுக்கு ஏ9 பாதையில் விடுதலைப் புலிகளின் ஆயப்பகுதியும் வரி அறவிட்டது. இரண்டும் கடைசியில் வாங்குபவரின் தலையில்தான் ஏறின. அந்தப் பொருளாதாரத்துக்குள் வளர்ந்த ஒருவருக்கு, வரி என்பது கேட்டுப் பேசித் தீர்க்கக்கூடிய ஒன்று என்ற எண்ணம் வருவது கடினம்.

ஆனால் இந்தப் பயத்துக்கு நாங்கள் கொடுக்கும் விலை, பலருடைய விடயத்தில், கட்டவேண்டிய வரியைவிடக் கூட. கணக்கு எழுதினால் பிடித்துவிடுவார்கள் என்று கணக்கே எழுதாமல் இருக்கிறோம். கணக்கு இல்லாததால் வங்கி கடன் தருவதில்லை. வங்கி தராததால் நுண்கடனுக்குப் போகிறோம். அந்தக் கடன்கள் வடக்கிலும் கிழக்கிலும் பெண்களை எங்கே கொண்டுபோய் விட்டன என்பது எல்லோருக்கும் தெரியும்.

விற்பனை வேறு, வருமானம் வேறு

அக்காவின் முதல் குழப்பம் இதுதான்: “பதினெட்டு இலட்சத்துக்கு மேல வந்தால் வரியாம். எனக்கு வருசத்துக்கு முப்பது இலட்சம் கையால போகுது.”

இந்த ஒரு வசனத்தில்தான் எங்கள் பகுதியின் பெரும்பாலான சிறு வியாபாரிகள் தடுக்கி விழுகிறார்கள். கையால் போகும் காசு விற்பனை. கையில் நிற்கும் காசுதான் வருமானம். வருமான வரி பின்னதற்கு மட்டுமே.

அக்காவின் ஒரு மாதக் கணக்கு அண்ணளவாக இப்படி வந்தது. விற்பனை 250,000 ரூபா. செத்தல் மிளகாய், அரிசி, மல்லி முதலியன வாங்க 148,000. மின்சாரம் 12,000. பொதி செய்யும் பையும் லேபலும் 11,000. அரைநாள் வேலைக்கு வரும் பெண்ணுக்கு 18,000. கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போட 6,000. மொத்தச் செலவு 195,000. மிச்சம் 55,000 ரூபா. வருடத்துக்கு 660,000.

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு தனிநபருக்கும் ஒரு நிவாரணத் தொகை உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல் அது வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா. அந்தத் தொகை வரையான வருமானத்துக்கு வரி இல்லை. அக்காவின் 6 இலட்சத்து 60 ஆயிரம் அதன் பாதியைக்கூடத் தொடவில்லை. கட்டவேண்டிய வருமான வரி பூச்சியம்.

இங்கே இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, 18 இலட்சம் என்பது உங்கள் எல்லா வருமானங்களுக்கும் சேர்த்துத்தான். வியாபார இலாபம், வீட்டு வாடகை, வைப்பின் வட்டி எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோ மகளோ குடும்பச் செலவுக்கு அனுப்பும் பணம் உங்கள் வியாபார வருமானம் அல்ல. ஆனால் அதுவும் கடைக்காசும் ஒரே வங்கிக் கணக்கில் கலந்து கிடந்தால், எது எது என்று பின்னர் நீங்களே நிரூபிக்க வேண்டி வரும்.

இரண்டாவது, இந்த நிவாரணம் தனிநபருக்கு உரியது. ‘கம்பனியாகப் பதிந்தால் மதிப்பு’ என்று யாராவது ஆலோசனை சொன்னால் ஒருமுறை யோசியுங்கள். வரையறுக்கப்பட்ட கம்பனிக்கு இந்த 18 இலட்ச நிவாரணம் இல்லை. பொதுவான வீதம் இலாபத்தில் 30 வீதம். சிறிய வியாபாரத்துக்கு, பிரதேச செயலகத்தின் ஊடாகச் செய்யும் வியாபாரப் பெயர்ப் பதிவே பெரும்பாலும் போதுமானது.

சற்றுப் பெரிய கடை என்றால்?

அக்காவின் கணக்கு முடிந்த பிறகு, அதே பகுதியில் கட்டடப் பொருள்கள் விற்கும் ஒரு அண்ணரின் கடையையும் உதாரணத்துக்கு எடுத்தேன். மாதம் 40 இலட்சம் ரூபா விற்பனை, வருடத்துக்கு 4 கோடி 80 இலட்சம். கேட்கப் பெரிய தொகை. ஆனால் சீமெந்தும் கம்பியும் விற்பதில் இலாபம் குறைவு. செலவு எல்லாம் போக 8 வீதம் மிஞ்சினால் வருட வருமானம் 38 இலட்சத்து 40 ஆயிரம்.

இதில் 18 இலட்சம் கழிந்தால் வரிக்குரியது 20 இலட்சத்து 40 ஆயிரம். முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அதாவது 60,000 ரூபா. அடுத்த 5 இலட்சத்துக்கு 18 வீதம், 90,000. அதற்கடுத்த 5 இலட்சத்துக்கு 24 வீதம், 120,000. மிச்சம் 40 ஆயிரத்துக்கு 30 வீதம், 12,000. மொத்தம் 282,000 ரூபா. மாதக் கணக்கில் 23,500. இலேசான தொகை இல்லைதான். ஆனால் ‘விற்பனையில் பதினெட்டு வீதம்’ என்று சந்தியில் கதைக்கப்படும் தொகையோடு ஒப்பிட்டால் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள்.

இந்த வரியை வருடக் கடைசியில் ஒரே தடவையில் கட்டுவதில்லை. மதிப்பாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. அதற்குரிய தவணைகள் ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 ஆகிய திகதிகளில் வரும். மிச்சம் ஏதும் இருந்தால் செப்டெம்பர் 30க்குள். வருமான விபரத் திரட்டை நவம்பர் 30க்குள் சமர்ப்பிக்க வேண்டும். கொடுக்கவேண்டியவர் கொடுக்காவிட்டால் தண்டம் உண்டு. வரியைவிடத் தண்டம் கூடிப்போகும் ஆட்களும் இருக்கிறார்கள்.

அந்தப் பதினெட்டு வீதம் எது?

வட்ஸ்அப் செய்தியில் வந்த 18 வீதம், பெறுமதி சேர் வரி, அதாவது வற். 2024 ஜனவரி 1 முதல் அதன் வீதம் அதுதான். இது எல்லாக் கடைகளுக்கும் உரியதல்ல. மூன்று மாதத்தில் 1 கோடி 50 இலட்சம் ரூபா அல்லது பன்னிரண்டு மாதத்தில் 6 கோடி ரூபா விற்பனையைத் தாண்டுபவர்களே பதிய வேண்டும் என்பது 2024இல் வந்த எல்லை. அக்காவின் வருட விற்பனை அதில் இருபதில் ஒரு பங்கு.

ஆனால் இந்த எல்லை ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2020இல் வருடத்துக்கு 30 கோடியாக உயர்த்தப்பட்டது. 2022 ஒக்டோபரில் 8 கோடியாகவும் 2024இல் 6 கோடியாகவும் இறங்கியது. 2025 நவம்பரில் வாசிக்கப்பட்ட 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், 3 கோடி 60 இலட்சத்துக்குக் குறைக்கும் முன்மொழிவு வந்தது. 2.5 வீதமான சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரிக்கும் அதே எல்லைதான் முன்மொழியப்பட்டது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு அரசாங்கம் வருமானத்தைக் கூட்டியே ஆகவேண்டிய நிலையில் இருக்கிறது. ஆகவே கீழே இறங்கிவரும் எல்லை நாளை யாருடைய கடை வாசலுக்கு வரும் என்பதுதான் கேள்வி. வருடத்துக்கு 4 கோடி 80 இலட்சம் விற்கும் அந்த அண்ணரின் கடை 6 கோடி எல்லைக்குள் வராது. 3 கோடி 60 இலட்சம் எல்லைக்குள் வந்துவிடும். உங்கள் விற்பனை மாதம் 30 இலட்சத்துக்குக் கிட்ட இருந்தால், இன்றைய எல்லை எது என்பதைத் திணைக்களத்தின் 1944 என்ற இலக்கத்துக்கு அழைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வற் பதிவு என்றால் விற்பனையில் 18 வீதத்தைக் கையில் இருந்து கொடுப்பது என்று அர்த்தம் இல்லை. 100,000 ரூபாப் பொருளை 18,000 ரூபா வரியோடு வாங்குகிறீர்கள். அதை 110,000க்கு, 19,800 ரூபா வரியோடு விற்கிறீர்கள். திணைக்களத்துக்குக் கட்டுவது வித்தியாசமான 1,800 ரூபாவை மட்டுமே. பிரச்சினை வருவது, வாங்கிய பொருளுக்கு முறையான வரிப் பற்றுச்சீட்டு இல்லாதபோது. அப்போது கழிப்பதற்கு ஒன்றும் இருக்காது. துண்டுப் பேப்பரில் தொகையை எழுதித் தரும் மொத்த வியாபாரியிடம் வாங்கும் பழக்கத்தை அந்தக் கட்டத்தில் மாற்றித்தான் ஆகவேண்டும்.

இன்னொன்று, பதியாதவர் வரி கட்டாதவர் என்று நினைக்கக்கூடாது. அக்கா வாங்கும் பொதிப் பையிலும் தொலைபேசிக் கட்டணத்திலும் வற் இருக்கிறது. 2024 ஜனவரியில் விலக்கு நீக்கப்பட்ட பிறகு மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கும் பெற்றோலிலும் இருக்கிறது. அவர் பதியாதவர் என்பதால் அதைத் திரும்பப் பெறும் வழியும் இல்லை. ‘வடக்கில் ஒருவரும் வரி கட்டுவதில்லை’ என்று சொல்பவர்களுக்குச் சொல்வதற்கு இந்தப் பதில் போதும்.

அப்படியானால் ‘எளிய வரி’ என்றால் என்ன?

தமிழ்நாட்டில் இருந்து வரும் யூடியூப் காணொளிகளைப் பார்த்துவிட்டு, ‘ஒரு வீதம் கட்டினால் காணுமாம், கணக்கு வேண்டாமாம்’ என்று சொல்பவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் பார்ப்பது இந்தியாவின் ஜிஎஸ்டியில் உள்ள இணக்க வரித் திட்டம். வருடத்துக்கு ஒன்றரைக் கோடி இந்திய ரூபா வரை விற்கும் வியாபாரி, விற்பனையில் 1 வீதத்தை மட்டும் கட்டலாம். ஆனால் வாடிக்கையாளரிடம் வரி அறவிடக் கூடாது, வாங்கிய பொருளில் உள்ள வரியையும் கழிக்க முடியாது. அங்கே வருமான வரியிலும் ஒரு குறுக்குவழி உண்டு. விற்பனையில் 8 வீதம், வங்கி ஊடாக வந்த பணமானால் 6 வீதம், இலாபம் என்று எடுத்துக்கொள்ளப்படும். இவை இந்தியச் சட்டங்கள். இலங்கையில் செல்லாது. இங்கே சிறிய கடைகளுக்கென்று அப்படியான தனித் திட்டம் வருமான வரியில் இல்லை. எங்களுக்கு இருப்பது, ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இருந்தால் வரியே இல்லை என்ற ஏற்பாடு மட்டுமே.

இலங்கையில் எளிய வரிக்குக் கிட்ட வரும் ஒன்று பிரதேச சபை வரி. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் உள்ள வியாபார வரி, முந்தைய வருட வருவாயைப் பார்த்துப் படிப்படியாக ஒரு நிலையான தொகையை விதிக்கிறது. இலாபக் கணக்குக் கேட்பதில்லை. ஆனால் சட்டத்தில் எழுதப்பட்ட கடைசிப் படி வருடத்துக்கு 150,000 ரூபா. அதற்கு மேல் எவ்வளவு வந்தாலும் 3,000 ரூபா. 1987இல் அந்த 150,000 பெரிய கடையின் வருவாய். இன்று சிறிய துணிக்கடை ஒன்று ஒரு மாதத்தில் அதைத் தாண்டிவிடும். பக்கத்தில் இருக்கும் மூன்று மாடித் துணிக்கடைக்கும் அதே 3,000 தான். எளிமை இருக்கிறது. நியாயம் காலத்தோடு தேய்ந்துபோய்விட்டது.

எளிய திட்டம் இங்கேயும் வரவேண்டும் என்று வர்த்தகர்கள் சிலர் கேட்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கணக்கு எழுதப் பழக்கமில்லாத, ஆவணங்களை இடப்பெயர்வில் தொலைத்த சனத்துக்கு ஒரே ஒரு வீதம் இருந்தால் நல்லதுதானே? பிறகு அந்த இந்திய 1 வீதத்தை, விற்பனை மீது கட்டாய வரியாக இங்கே கொண்டுவந்தால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அக்காவின் 30 இலட்சம் விற்பனைக்கு 1 வீதம் 30,000 ரூபா. இன்று அவர் கட்டும் வருமான வரி பூச்சியம். கட்டடப் பொருள் கடைக்கு 480,000 ரூபா. இன்றைய முறையில் 282,000. விற்பனையில் 3 வீதம் மட்டுமே மிஞ்சும் அரிசி மொத்த வியாபாரிக்கு 1 வீதம் என்றால், அவருடைய இலாபத்தில் மூன்றில் ஒரு பங்கு. மூன்று பேரும் இன்றைய நிலையைவிட மோசமாகத்தான் போகக்கூடும்.

நட்டம் வந்த வருடத்தையும் நினைத்துப் பாருங்கள். 2018 டிசெம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்தபோது கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டையே உலுக்கியது. இலாபத்தின் மீதான வரியில், நட்டம் வந்தால் வரி இல்லை. அந்த நட்டத்தை அடுத்து வரும் ஆறு வருடங்களின் இலாபத்தில் கழிக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. விற்பனையின் மீதான எளிய வரியில் நனைந்த அரிசியை அரை விலைக்கு விற்றாலும் அந்த அரை விலைக்கும் வரி கட்ட வேண்டும்.

ஆகவே எளிய திட்டம் ஒன்று பற்றிய பேச்சு கொழும்பில் தொடங்கினால், எங்கள் வர்த்தக சங்கங்கள் கேட்கவேண்டிய கேள்விகள் தெளிவானவை. அது கட்டாயமா, விரும்பினால் தெரிவுசெய்யலாமா? இன்று வரி இல்லாத அக்கா போன்றவர்கள் அதற்கு வெளியே இருப்பார்களா? குறைந்த இலாபத்தில் ஓடும் தொழில்களுக்கு வேறு வீதம் உண்டா? எல்லைத் தொகை விலைவாசியோடு சேர்ந்து உயருமா, அல்லது பிரதேச சபை வரியைப் போல ஒரே இடத்தில் உறைந்துவிடுமா? படிவம் ஒரு பக்கத்தில், தமிழில் இருக்குமா?

ரின் இலக்கம் எடுப்பதா, விடுவதா?

2023இல் வந்த வர்த்தமானியின்படி, 2024 ஜனவரி முதல் 18 வயதைக் கடந்த எல்லோரும் வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தைப் பெறவேண்டும். இது இலவசம். இணையத்தின் ஊடாகவும் எடுக்கலாம். ரின் இலக்கம் எடுப்பதால் வரி பிறப்பதில்லை. வரி பிறப்பது வருமானத்தில் இருந்துதான். அந்த வித்தியாசத்தை அக்காவுக்கு விளங்கப்படுத்த எனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. “அடையாள அட்டை எடுத்ததால நான் பொலிசுக்குப் போகவேண்டி வந்ததோ? அப்பிடித்தானே இதுவும்?” என்று கடைசியில் அவரே சொன்னார்.

எங்கள் வயதானவர்களுக்கு இந்த இலக்கத்தால் உடனடி நன்மை ஒன்றும் உண்டு. 2025 ஏப்ரல் முதல் வங்கி வைப்பின் வட்டியில் 10 வீதம் முற்பண வரியாக வெட்டப்படுகிறது. நட்டஈடாகக் கிடைத்த பணத்தையோ காணி விற்ற பணத்தையோ 5 இலட்சம் ரூபா வைப்பிலிட்டு, 8 வீத வட்டியில் வருடம் 40,000 ரூபா வாங்கும் ஒரு அம்மாவுக்கு, அதில் 4,000 ரூபா போய்விடும். அவருடைய மொத்த வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாவிட்டால், ரின் இலக்கத்தோடு சுய பிரகடனப் படிவம் ஒன்றை வங்கியில் கொடுத்து அந்த வெட்டை நிறுத்தலாம். இது தெரியாமல் மாதாமாதம் பணத்தை விட்டுக்கொண்டிருப்பவர்கள் எங்கள் தெருக்களில் பலர்.

இலக்கம் எடுத்த பிறகு செய்யக்கூடாத ஒன்று, வரும் கடிதத்தைப் பயத்தில் மூடிவைப்பது. விபரத் திரட்டு அனுப்பும்படி கேட்டிருந்தால், வருமானம் எல்லைக்குக் கீழே என்றாலும் அதை எழுத்தில் சொல்லிப் பதில் அனுப்புங்கள். பதில் இல்லாத இடத்தில் அதிகாரிகள் தாங்களாகவே ஒரு தொகையை மதிப்பிட்டுப் போட முடியும். கடிதம் விளங்காத மொழியில் வந்தால் தமிழில் தரும்படி கேளுங்கள். அரச நிறுவனங்களோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறது. கேட்பதற்காக எவரும் உங்களைத் தண்டிக்க முடியாது.

ஒரு கொப்பி போதும்

நான் கணக்காளர் இல்லை. ஊடகக் கற்கை படித்தவள். எனது வருமானமும் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. ஆகவே நானும் ஒரு கொப்பியில்தான் எழுதுகிறேன். அக்காவுக்குச் சொன்னதும் அதையே.

எண்பது பக்கக் கொப்பி ஒன்றில் ஒவ்வொரு நாளும் ஒரு வரி. திகதி, இன்றைய விற்பனை, இன்றைய செலவு, என்ன செலவு. கடனுக்குக் கொடுத்ததைப் பின்பக்கத்தில் தனியாக எழுதுங்கள். மாதக் கடைசியில் கூட்டுங்கள். வாங்கிய பற்றுச்சீட்டுகளை மாதத்துக்கு ஒரு கடித உறையில் போட்டு வையுங்கள். வீட்டுக்கு எடுத்த அரை கிலோ மிளகாய்த்தூளும் கடைக்காசில் கட்டிய ரியூசன் காசும் வியாபாரச் செலவு அல்ல, அவற்றை வேறாகக் குறியுங்கள். வியாபாரத்துக்கு ஒரு வங்கிக் கணக்கு, வீட்டுக்கு ஒன்று. சீட்டுக்காசையும் வெளிநாட்டுக் காசையும் வியாபாரக் கணக்குக்குள் விடவேண்டாம். கொப்பிகளை ஐந்து வருடம் பத்திரப்படுத்துங்கள்.

இந்தக் கொப்பி இருந்தால், எல்லைக்குக் கீழே இருப்பவர் தான் கீழே இருப்பதைக் காட்டலாம். எல்லைக்கு மேலே போனவர் உண்மையான செலவைக் கழித்து உரிய வரியை மட்டும் கட்டலாம். கொப்பி இல்லாதவரின் வருமானத்தை வேறு யாரோ தீர்மானிப்பார்கள்.

அக்கா இயந்திரத்தை விற்கவில்லை. நவம்பர் 1ஆம் திகதியில் இருந்து எழுதத் தொடங்கினார். முதல் மாதம் கூட்டிப் பார்த்துவிட்டு மீண்டும் அழைத்தார். வரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“பிள்ளை, சரக்குத்தூளில எனக்கு ஒண்டும் மிஞ்சுறேல்ல. பத்து வருசமா அரைக்கிறன், இப்பத்தான் தெரியுது. விலையைக் கொஞ்சம் கூட்டப்போறன்.”

தை மாதத்தில் இருந்து கூட்டிய விலையில்தான் கொடுக்கிறார். ஒரு கடை மட்டும் வேண்டாம் என்று விட்டதாம்.